கல்லடி வெயிலில் ஒரு ஹஸ்கி

கேள்வி:

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும், முழங்கால் வருத்தமுள்ள அம்மாவும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் 16 வயது மகனும் இருக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன், மருமகனின் பிறந்தநாளுக்கு ஒரு சைபீரியன் ஹஸ்கிக் குட்டி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். கொழும்பில் ஒருவரிடம் நீலக் கண்ணுள்ள ஐந்து கிழமைக் குட்டி இருக்கிறதாம். முற்பணம் கேட்கிறார். மட்டக்களப்பு வெயிலை இந்த நாய் தாங்குமா? ஓர் அறையில் குளிரூட்டி இருக்கிறது, அது போதுமா? வெயில் காலத்தில் முடியை ஒட்ட வெட்டிவிடலாமா? நாங்கள் சாப்பிடும் சோறும் மீனும் கொடுத்து வளர்க்கலாமா? எங்கள் படலையடியில் ஓர் ஊர்ப் பெட்டை நாய் படுத்திருக்கும், மிச்சச் சோறு வைப்போம். ஆனால் மகன் "அதெல்லாம் ஒரு நாயா?" என்கிறான். நல்ல பதில் ஒன்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முற்பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், அதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஐந்து கிழமையில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறவர் நாயைப் பற்றி அறியாதவர், அல்லது அறிந்தும் அவசரப்படுகிறவர். குட்டி எட்டுக் கிழமையாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுவிடும் என்பதை அது அங்கேதான் பழகுகிறது. அங்கே பழகாத குட்டி உங்கள் அம்மாவின் கையில்தான் பழகும். நீலக் கண்ணுக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஹஸ்கிக்கு நீலக் கண்ணும் வரும், பழுப்புக் கண்ணும் வரும், ஒன்று நீலமும் மற்றது பழுப்புமாகவும் வரும். கண்ணில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. இந்த இனத்தில் இளவயதிலேயே பரம்பரையாகக் கண்புரை வருவதுண்டு. தாய் தகப்பனின் கண்கள் எப்படி என்று கேட்டால் அந்த விற்பனையாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வெயில், குளிரூட்டி, முடி, சோறு. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது யார் என்பதைப் பற்றி முழுக் கடிதத்திலும் ஒரு வரி இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹஸ்கியை அழகுக்காக யாரும் உருவாக்கவில்லை. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள், பனியில் சறுக்கு வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய் அது. சின்னப் பாரம், நெடுந்தூரம், குறைந்த சாப்பாடு, இவைதான் அதற்கு இடப்பட்ட வேலை. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டைக்கரப்பான் பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் அஞ்சலோட்டமாக மாறி மாறி ஓடி, 1,085 கிலோமீற்றர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். நீங்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கொழும்புக்குப் போனாலும் அந்தத் தூரம் வராது. அதில் டோகோ என்ற நாயின் கூட்டம் மட்டும் போக வர 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. அப்போது டோகோவுக்கு வயது 12. நம் ஊரில் 12 வயது நாய் என்றால் திண்ணையை விட்டு எழும்பாது.

இந்தக் கதையை மகனுக்குச் சொல்லுங்கள், ரசிப்பான். பிறகு இதையும் சொல்லுங்கள்: அந்த ஓட்டம் முழுவதும் கொழும்பிலிருக்கும் அந்தக் குட்டியின் கால்களுக்குள் இருக்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அது நடக்க வேண்டும், ஓட வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளும். மல்லிகைப் பாத்தியைக் கிண்டும். மதிலடியில் குழி பறித்து மறுபக்கம் போகும். மெத்தையைப் பஞ்சு பஞ்சாகப் பிய்க்கும். இரவு இரண்டு மணிக்கு ஊளையிடும். ஹஸ்கி அதிகம் குரைக்காது, ஆனால் அதன் ஊளை பாலம் தாண்டிக் கேட்கும். நம்மூரில் நாய் ஊளையிட்டால் யார் வீட்டில் சாவு என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோழி இன்னொரு விஷயம். பக்கத்து வளவில் கோழி வளர்க்கிறார்களா? ஓடுகிற சின்ன உயிரைக் கண்டால் துரத்துவது இந்த நாயின் இரத்தத்தில் ஊறியது. எவ்வளவு பழக்கினாலும் நம்பி அவிழ்த்துவிட முடியாது. ஆறு அடி மதில் இருந்தால் ஏறிப் பார்க்கும், ஏற முடியாவிட்டால் தோண்டும். கோழிக்குக் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். ஆனால் தொழுகைக்குப் புறப்பட்டு நிற்கிறவரின் மேல் உங்கள் நாய் பாசத்தோடு பாய்ந்து நக்கிவிட்டால், அவர் திரும்பிப் போய்க் கழுவி உடுப்பு மாற்ற வேண்டும். மூன்றாம் முறை அப்படி நடந்தால் அயலுக்குள் முகம் முறியும். நாயில் பிழையில்லை. அது யாரோடும் சிநேகம் கொள்ளும். காவல் நாய் வேண்டும் என்று ஹஸ்கி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கள்ளன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே போய்விடும்.

நடையை எப்போது வைப்பது? கல்லடியில் அதற்கு இரண்டு பொழுதுகள்தான் உண்டு. காலை நாலரையிலிருந்து ஆறு வரை, இரவு எட்டுக்குப் பிறகு. மாலை ஐந்து மணிக்கு வெயில் இறங்கிவிட்டதாக நமக்குத் தோன்றும், தார் ரோட்டுக்கு இன்னும் தெரியாது. புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. கடற்கரை மணலுக்கும் இதே கணக்குத்தான்.

கடற்கரை என்றதும் ஓர் எச்சரிக்கை. விடியற்காலையில் கரைவலை இழுத்து முடிந்த இடங்களில், மீனவர்கள் கழித்து எறிந்த பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, அதை முறிக்க மருந்தும் இல்லை. நாய் ஒன்றைக் கவ்வி விழுங்கிவிட்டால் கால் தளர்ந்து, மூச்சுத் தசைகள் செயலிழந்து, என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஆகவே கடற்கரையில் கயிறு கையில் இருக்க வேண்டும், கண் மணலில் இருக்க வேண்டும். கைப்பேசி சட்டைப்பைக்குள் இருக்கட்டும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும். வாவிப் பக்கம் நடக்கலாமே என்றால், அங்கே முதலை இருக்கிறது. நாய் கரையோரத் தண்ணீரில் இறங்கி விளையாடும் இடம் அது அல்ல.

இப்போது வெயில்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் பேருக்குக் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அது உடம்பை ஆற்றும் வழி. வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடும் கூடவே வெளியேறுகிறது. காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அந்த ஈரம் எங்கே போகும்? கொடியில் போட்ட உடுப்பு காயாத நாளில் நாயின் உடம்பும் ஆறாது. வானிலை அறிக்கையைவிட உங்கள் முற்றத்துக் கொடியை நம்புங்கள்.

அதனால் ஊரில் எல்லோரும் சொல்வதிலிருந்து நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களைத்தான் நாய் வளர்ப்பவர்கள் பயப்படுகிறார்கள். மலைநாட்டைக் கடந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு இறங்கி வரும் அந்தக் காற்று சுடும், உதட்டை வெடிக்க வைக்கும், ஆனால் உலர்ந்தது. நிழலும் நிறையத் தண்ணீரும் இருந்தால் நாய் ஒருவாறு சமாளித்துவிடும். எனக்குப் பயம் சித்திரையிலும், மழைக்கு முந்திய புரட்டாதி, ஐப்பசியிலும்தான். தென்னோலை அசையாது, வாவி கண்ணாடி போலக் கிடக்கும், வெப்பமானி 31 என்றுதான் காட்டும். "இன்றைக்கு அவ்வளவு வெயில் இல்லையே" என்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவார்கள். வெப்ப அதிர்ச்சியோடு என்னிடம் வருகிற நாய்களில் பல அப்படிப்பட்ட நாட்களில்தான் வருகின்றன.

ஒன்றை மட்டும் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு வீட்டில் மகளின் சாமத்திய வீடு. மூன்று வயதுக் கடுவன் ஹஸ்கி, செல்லமாக வளர்ந்தது, அதற்கென்று குளிரூட்டி போட்ட அறையே இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் சொந்தக்காரர்கள் உடுப்பு மாற்றினார்கள். நாயைப் பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் கட்டினார்கள். காலை பதினொரு மணிக்குக் கட்டியதை இரண்டு மணிக்குத்தான் ஒரு சின்னப் பிள்ளை போய்ப் பார்த்திருக்கிறது. என்னிடம் வந்தபோது அதன் உடல் வெப்பம் 42.3 பாகை. வழமையாக 38 முதல் 39 வரை இருக்க வேண்டியது. ஈரச் சாக்கைச் சுற்றிப் போர்த்தி வான் வண்டியில் கொண்டுவந்தார்கள். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் போர்த்திய சாக்கு சில நிமிடங்களில் சூடாகி, உடம்பின் வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. காய்ச்சல் என்று எண்ணிப் பனடோலும் கொடுத்திருந்தார்கள். இது காய்ச்சல் அல்ல, பனடோல் இதில் எதுவும் செய்யாது, நாயின் ஈரலுக்குத்தான் கேடு. இரவு ஒன்பது மணிக்கு அது செத்தது. அந்தத் தகப்பன் பட்டு வேட்டியோடு என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

எந்த நாய் வைத்திருப்பவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசை போலத் தடித்து, கால் தள்ளாடினால் எனக்கு அழைப்பெடுக்கும் முன் கிணற்றடிக்கோ குழாயடிக்கோ இழுத்துச் செல்லுங்கள். வாளி வாளியாக ஊற்றுங்கள். முதுகில் மட்டும் ஊற்றினால் தண்ணீர் முடியில் வழுக்கிப் போய்விடும். அடிவயிறு, தொடையிடுக்கு, கழுத்து, பாதம் எல்லாம் தோல் வரை நனைய வேண்டும். மின்விசிறியை நேரே திருப்பி வையுங்கள். வாய்க்குள் பலவந்தமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். உடல் வெப்பம் 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வாருங்கள். முதலில் ஆற்றுவது, பிறகுதான் வாகனம். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் கொண்டுவர வேண்டும், சிறுநீரகமும் ஈரலும் பழுதானது அடுத்த நாள்தான் தெரியவரும்.

குளிரூட்டி போதுமா என்று கேட்டீர்கள். அந்த வீட்டிலும் குளிரூட்டி இருந்தது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு தொன் அளவுள்ள சாதாரணக் குளிரூட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஓர் அலகு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எட்டு அலகு, மாதத்துக்கு 240. வீட்டுப் பட்டியலில் 180 அலகைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பட்டியல் கட்டுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைவிட, 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் ஹஸ்கி வைத்திருந்த ஒருவர் குளியலறைத் தரையில் நாயைப் படுக்க வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, விடியும் வரை விசிறியிருக்கிறார். பனையோலை விசிறியால்தான். இன்னொன்று, குளிரூட்டி அறைக்குள் எட்டு மணி நேரம் பூட்டிய ஹஸ்கி ஆறுதலாக இருக்கும், அமைதியாக இருக்காது. உடம்பு குளிர்ந்திருக்கும், கால் ஓடக் கேட்கும். நீங்கள் பாடசாலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போது அது உங்களைத் தள்ளிவிழுத்திக்கொண்டு வெளியே பாயும். முழங்கால் வருத்தமுள்ள அம்மா அந்த வாசலில் நிற்பதை நான் கற்பனை செய்ய விரும்பவில்லை.

முடியை ஒட்ட வெட்டலாமா என்றால், கூடாது. எல்லோருக்கும் வருகிற எண்ணம்தான் இது. நமக்குச் சட்டையைக் கழற்றினால் சுகமாக இருப்பதுபோல நாய்க்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி, வெளியே நீளமான காவல் முடி. வெளிமுடி வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கிறது, மழைத்தண்ணீரை வழியவிடுகிறது. அதை மழித்தால் தோல் எரியும், பிறகு வளரும் முடியும் ஒழுங்காக வளராது. சிலதுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் திட்டுத்திட்டாக நிற்கும். எடுக்க வேண்டியது அடிமுடியை, அதுவும் கத்தரியால் அல்ல, சீப்பால். நீளப் பல்லுள்ள அடிமுடிச் சீப்பு கொழும்பில் கிடைக்கும். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், முற்றத்தில் வைத்து வாருங்கள். உள்முடி கழிந்தால் தோலுக்குக் காற்றுப் படும். அடிவயிற்று முடியைக் கொஞ்சம் குறைப்பதில் தவறில்லை, சீமெந்துத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்க உதவும்.

முடி கொட்டுவது பற்றி விற்பனையாளர் "வருடத்தில் இரண்டு முறைதான்" என்று சொல்லியிருப்பார். அது அலாஸ்காவின் கதை. அங்கே கோடையில் பகல் நீண்டு, குளிர்காலத்தில் சுருங்குகிறது. அந்த வெளிச்ச மாற்றத்தைப் பார்த்துத்தான் உடம்பு முடியை மாற்றுகிறது. மட்டக்களப்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. நாயின் உடம்புக்குக் காலம் பிடிபடாது. ஆகவே 12 மாதமும் கொட்டும். சோற்றுக் கோப்பையில், பூசையறையில், உங்கள் பாடசாலைச் சேலையில், எல்லாவற்றிலும் இருக்கும். கறுப்புச் சேலை இருந்தால் தங்கைக்கோ மச்சாளுக்கோ கொடுத்துவிடுங்கள்.

குளிப்பாட்டுவது ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒரு முறை போதும். குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பதுதான் வேலை. அடிமுடிக்குள் ஈரம் தங்கினால் ஒரே இரவில் தோல் வெந்து புண்ணாகும். மாரியில் வெயிலே இல்லாத கிழமைகளில், அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழுப் பிடித்து வந்த நாய்களை நான் கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சுப்பொதி போல அழகாக இருக்கும், முடியை விலக்கினால்தான் தெரியும். மூக்கால் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சோறும் மீனும். நாய்க்குச் சோறு நஞ்சல்ல, நம் ஊர் நாய்கள் அதில்தான் வளர்ந்தன. ஆனால் ஹஸ்கி இனத்துக்கு ஒரு தனிக் குறை உண்டு. துத்தநாகம் என்ற தாதுச்சத்தை இதில் சில நாய்களின் குடல் சரியாக உறிஞ்சாது. தானியத்தில் உள்ள ஒரு பொருள் இருக்கிற கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறே முக்கால் பங்கு என்றால் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் தடித்து, வெடித்து, பொருக்குத் தட்டும். சொறி என்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் பூசுவார்கள். அது சொறி அல்ல. இறைச்சி, முட்டை, முள் எடுத்த மீன் முக்கால் பங்காகவும் சோறு கொஞ்சமாகவும் இருந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டால் நல்ல நாய்த் தீனி வாங்க வேண்டும். துத்தநாக மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு கூடினால் அதுவும் நஞ்சு. மீன்குழம்பு ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கறிக்குள் கரைந்து போன வெங்காயமும் வெங்காயம்தான். ஓர் ஆறுதல்: ஹஸ்கி உருவத்துக்கு அதிகம் சாப்பிடாது. பசியில்லாமல் கோப்பையை விட்டு எழுந்துபோனால் அம்மா கவலைப்பட்டு மடியில் வைத்து ஊட்ட வேண்டாம்.

உண்ணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்ந்த முடிக்குள் உண்ணியைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. அது கொண்டுவரும் காய்ச்சல்கள் இரத்தத்தைக் கரைத்து ஆளைச் சாய்த்துவிடும். மாதம் தவறாமல் மருந்து, அவ்வளவுதான். மாரி வெள்ளத்தோடு எலிக்காய்ச்சல் வரும், அதற்கான தடுப்பூசியை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இந்தக் கரையில் ஹஸ்கியே வாழ முடியாதா என்று கேட்பீர்கள். வாழ்கிறது. அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு ஹஸ்கி ஆறு வருடமாக என்னிடம் வருகிறது. எடை கூடவில்லை, தோல் சுத்தம், கண் தெளிவு. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். காலை நாலரைக்கு எழும்பி ஒன்றரை மணி நேரம் நடக்கிறார். இரவு மனைவி நடக்கிறார். வீட்டின் வடக்குப் பக்கம் மாமர நிழலில் தரைக்கு ஓடு பதித்து, நாய்க்கென்று தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார். கலியாண வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போவதில்லை, ஒருவர்தான் போவார். "ஓய்வூதியம் எனக்கு, வேலை இதுக்கு" என்று சிரிப்பார். அந்த வீட்டில் நாய்க்கு ஒரு முழுநேர ஆள் இருக்கிறார், அதுதான் வித்தியாசம். நீங்கள் நுவரெலியாவிலிருந்து எழுதியிருந்தாலும் வெயிலைப் பற்றித்தான் என் பதில் மாறியிருக்கும், நடையைப் பற்றி அல்ல.

உங்கள் வீட்டில் அந்த முழுநேர ஆள் யார்? மகன் என்று நீங்கள் சொல்லலாம். ஹஸ்கி 12 முதல் 14 வருடம் வாழும். தம்பிக்கு இப்போது 16. சாதாரண தரம், பிறகு உயர்தரம், மாலை வகுப்புகள், அதற்குப் பிறகு பேராதனையோ, மொரட்டுவையோ, அப்பாவைப் போலக் கட்டாரோ, மாமாவைப் போல ரொறன்ரோவோ. நாய் கல்லடியில்தான் இருக்கும். காலை ஐந்து மணிக்குப் பாடசாலைக்குச் சமைத்துக்கொண்டே நடைக்கயிற்றைத் தேடப்போவது நீங்கள், பகலில் அதன் ஊளையைக் கேட்கப்போவது அம்மா. கேள்வி எழுதிய ஒருவருக்கு இப்படி முகத்துக்கு நேரே சொல்வது அழகில்லைதான். ஆனால் ஒரு வயதில் "யாருக்காவது கொடுத்துவிடுங்கள் டொக்டர்" என்று என் வாசலில் கட்டிவிட்டுப் போகும் ஹஸ்கிகளை நான் எங்கே கொண்டுபோவது?

ஆகவே என் பதில், இப்போதைக்கு வேண்டாம். அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும். அவர் அங்கே பனியில் புரளும் ஹஸ்கியைப் பார்த்திருப்பார், ஆசை வந்ததில் குற்றமில்லை.

தம்பிக்கு மட்டும் கதவை முழுதாகச் சாத்தவில்லை. அவனுக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். 30 நாள், நாய் இல்லாமலே நாய் வளர்க்கட்டும். காலை நாலரைக்கு எழும்பி ஒரு மணி நேரம் கடற்கரையில் நடக்க வேண்டும். இரவு எட்டரைக்கு மறுபடி ஒரு மணி நேரம். கிழமைக்கு மூன்று நாள் அரை மணி நேரம் முற்றம் கூட்டட்டும், அது முடி வாருவதற்குப் பதிலாக. அம்மம்மா நாட்காட்டியில் குறித்து வரட்டும், சலுகை கொடுக்கக் கூடாது. மழையென்றாலும் விடுமுறை இல்லை. 30 நாளும் தவறாமல் செய்தால், பரீட்சை முடிந்ததும் என்னிடம் கூட்டிவாருங்கள். எந்த நாய், எங்கே வாங்குவது, தாய் தகப்பனை எப்படிப் பார்ப்பது என்று நானே உட்கார்ந்து பேசுகிறேன். அப்போதும் ஹஸ்கி என்று சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

அந்த நடைக்குத் துணை வேண்டுமென்றால் படலையடியில் ஒன்று படுத்திருக்கிறதே. இரண்டாம் நாளே பின்னால் வரும், நான் பந்தயம் கட்டுகிறேன். ஒற்றை அடுக்கு முடி, மெல்லிய உடம்பு, இந்த வெயிலிலேயே பிறந்தது. ஒரு வேளை சோற்றுக்கு உங்கள் வளவை இரவு முழுக்கக் காக்கிறது. அதைப் பற்றி எழுதினீர்கள், அதற்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டதா, குட்டி போடாமலிருக்கச் சத்திரசிகிச்சை செய்ததா என்று எழுதவில்லை. மிச்சச் சோற்றில் குழம்பும் வெங்காயமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் ஓர் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், தம்பியே பிடித்துக்கொண்டு வரட்டும். வரும்போது அதற்கு ஒரு பெயரும் வேண்டும், தடுப்பூசி அட்டையில் எழுதுவதற்கு.